பின்சீட்டில் அப்பாவின் போர்வை

எங்கள் நாய்க்குக் கார் ஆகாது. ஏற்றிக் கதவைச் சாத்தினாலே எச்சில் வடிக்கும். இரண்டு தெரு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடும். அப்பா நடமாடிக்கொண்டிருந்தவரை அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. போக வேண்டிய இடத்துக்கெல்லாம் அவர் பின்னாலேயே நடந்து போய்வந்தது. மகள்கள் எங்கள் இருவரையும் அவர் “கண்ணு” என்றுதான் கூப்பிடுவார். நாயையும் அப்படித்தான். வாசலில் நின்று “கண்ணு” என்றால் முதலில் ஓடுவது அதுதான். நான் பல தடவை பாதி வழியில் அசடு வழிந்து திரும்பியிருக்கிறேன்.

பக்கவாதம் வந்து அவர் படுத்த பிறகு, தங்கச்சி அவரை வெள்ளகோவிலில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பகலில் எங்கள் வீட்டில் ஆளே இருக்காது. அப்பா ஆம்புலன்ஸில் போனார், நாய் எங்களோடு நின்றுவிட்டது.

வீடியோ காலில் அப்பாவுக்கு நாயைக் காட்டினோம். அப்பாவின் குரல் கேட்டதும் நாய் போனை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது. அங்கே யாரும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. திரையில் அப்பா அழுதார். “ஒருக்கா கூட்டிட்டு வா கண்ணு” என்றார், குழறிய வாயோடு. அதன் பிறகு எந்தப் பேச்சை எடுத்தாலும் அதில்தான் வந்து நிற்பார். கூடவே, “மெதுவா வாங்க, அதுக்கு வவுறு பொரட்டும்” என்பார். பெற்ற மகளின் வயிற்றைப் பற்றி அவர் இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லடம் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பழக்கிப் பார்த்தோம். எங்கள் ஊரில் எதைத் துடைக்கவும் எதன்மேல் விரிக்கவும் பனியன் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்தான். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கம்பெனியிலிருந்து புதுத் துணித் துண்டுகளை அள்ளி வந்து பின்சீட்டில் மெத்தை போல விரிப்பார். “எப்பிடிப் பொசுபொசுன்னு இருக்குது பாரு” என்பார். நாய் அதன்மேல் ஏறி நின்று, எங்களைப் பாவமாகப் பார்த்துவிட்டு, வாந்தி எடுக்கும். அவர் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அள்ளி வருவார்.

கடைசியில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா காருக்குள் தலையை விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். “ஏனுங்க, எனக்கே தலை சுத்துதுங்க. இந்தச் சாய வாசத்துல நாய் எப்படிங்க இருக்கும்?” சாயமும் சாஃப்ட்னரும் எங்கள் மூக்குக்கு எப்போதோ மரத்துப்போன வாசனை. அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாய்க்குப் பழகின எதையாவது விரிக்கச் சொன்னார். கிளம்பும் முன்னால் சோறு வைக்கக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, கழுத்துச் சங்கிலியில் கட்டாமல் மார்புப் பட்டை போட்டு சீட் பெல்ட்டோடு மாட்ட வேண்டும், எச்சில் வடித்தால் வண்டியை நிறுத்தி இறக்கிவிட வேண்டும் என்றார். பட்டையை என் வீட்டுக்காரரே அன்று சாயங்காலம் நாடாவில் தைத்தார்.

அப்பாவின் பழைய போர்வை பீரோவுக்கு மேல் கிடந்தது. துவைக்காமலே வைத்திருந்தேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதை விரித்ததும் நாய் தானாகக் காரில் ஏறி, மூக்கைப் போர்வைக்குள் புதைத்துக்கொண்டு படுத்தது. எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை கிளம்பிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி போன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றாள். பக்கத்தில் அவர் ஏதோ முனகுவது கேட்டது. “மெதுவா வரச் சொல்றாருங்கக்கா” என்று அவளே அழுதுகொண்டு சொன்னாள்.

காங்கேயம் வரை நாய் தூங்கிக்கொண்டே வந்தது. ஊரைத் தாண்டியதும் எழுந்து எச்சில் வடிக்கத் தொடங்கியது. நான் பின்னால் அதன் பக்கத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “நிறுத்தட்டுமா, போயிரலாமா?” என்றார். அப்பா வண்டியில் கூட இருந்தால் என்ன சொல்வார் என்று தெரியும். “நிறுத்துங்க” என்றேன்.

வேப்பமர நிழலில் இறக்கிவிட்டோம். கொஞ்சம் நடந்தது, புல்லை மோந்தது, தண்ணீர் குடித்தது, உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டது. வாந்தி எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

தங்கச்சிதான். “இனி மெதுவாவே வாங்கக்கா” என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். பட்டையைக் கழற்றியதுதான் தாமதம், நாய் வாலை ஆட்டிக்கொண்டு அத்தனை கால்களுக்கும் நடுவே புகுந்து உள்ளே ஓடியது. யாரோ, “நாயைப் புடிச்சு வெளிய கட்டுங்க” என்று அதட்டினார். “அவருதானுங்க அதை வரச் சொன்னாரு!” என்று கத்திவிட்டேன். அது அப்பாவின் கையை நக்கியது. மறுபடி மோந்து பார்த்தது. வால் நின்றுவிட்டது. திரும்பி என் முகத்தைப் பார்த்தது.

அதன் தலையைத் தடவினேன். அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. குனிந்து அவர் காதோரம் சொன்னேன்: “வாந்தியே எடுக்கலீங்கப்பா.”