பிரசவ அறையில் பாரசீகம்

அறுபதுகளின் தொடக்கம். விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் சரித்திர டீச்சராக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. ஆடி மாதம். தீபாவளி சீசனுக்காக சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு கம்பெனிகள் எல்லாம் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த நேரம். அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், எனக்குப் பாரசீக மொழி எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நம்புவது கஷ்டம்.

மெட்ராஸில் எம்.ஏ. சரித்திரம் படித்தேன். நவாபு காலத்தில் நம் பக்கத்துப் பாளையக்காரர்களிடம் எப்படி வரி வசூலித்தார்கள் என்று ஆராய்ச்சி செய்ய ஆசை. அந்தக் காலத்துத் தஸ்தாவேஜுகளில் முக்கால்வாசி பாரசீகத்தில் இருந்தன. யாரோ எப்போதோ செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை நம்பி எழுதுவதில் எனக்கு இஷ்டமில்லை. அதனால் பல்கலைக்கழகத்தில் பாரசீக வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் மொத்தமே நாலு பேர். மற்ற மூவரும் வீட்டில் உருது பேசுகிறவர்கள். எழுத்தும் தெரியும், பாதி வார்த்தைகளும் தெரியும். நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் வலமிருந்து இடமாகப் படிப்பதற்கே ஒரு மாதம் திணறியவள்.

வரிக் கணக்கு படிக்கப் போன எனக்கு முதல் வருஷம் முழுக்கக் கவிதைதான் நடத்தினார்கள். நவாபு கச்சேரியில், அதாவது வரி ஆபீஸில், உட்கார்ந்து வரி பாக்கி எழுதிய குமாஸ்தாகூட நடுவில் ஒரு கவிதை வரியைச் செருகாமல் எழுத மாட்டானாம். கவிதை தெரியாதவனுக்குக் கணக்கும் விளங்காது என்றார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பிடித்துப் போனது. ஒருவரை எப்படி வரவேற்பது, கொடுப்பதை எத்தனை தடவை மறுத்துவிட்டு வாங்கிக்கொள்வது, பெரியவர்களை எப்படி விசாரிப்பது என்பதெல்லாம் அந்த மொழிக்குள்ளேயே இருந்தது. இரண்டு வருஷம் படித்தேன். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்ய வேண்டிய சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஊருக்குத் திரும்பினேன், வேலையில் சேர்ந்தேன். பாரசீகப் புத்தகங்கள் டிரங்குப் பெட்டியில் போய்விட்டன. கல்யாணப் பேச்சு எடுக்க வருகிறவர்களிடம் இந்தப் படிப்பைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னால் அதை விளக்குவதற்குள் காபி ஆறிவிடும் என்பார்கள்.

அன்று மத்தியானம் முதல் பீரியட் மணி அடிக்கும் முன் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சைக்கிளில் பள்ளிக்கு வந்தார். என் சித்தி அங்கே நர்ஸாக இருந்தார்கள். உடனே கையோடு கூட்டிவரச் சொன்னார்களாம். அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சித்தி நின்றார்கள்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, பயப்படாத. உள்ள ஒரு பொம்பளை பிரசவத்துக்கு வந்திருக்காக. ஈரான் நாட்டுக்காரக. அவுக பேசுறது இங்கன யாருக்கும் விளங்கல. நீ மெட்ராஸ்ல படிச்சது அந்தப் பாஷைதானே?"

ஆமாம் என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது. இருநூறு வருஷத்துத் தஸ்தாவேஜையும் அதைவிடப் பழைய கவிதையையும் படித்தவள் நான். பாரசீகம் பேசுகிற ஒரு ஆளை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். பம்பாயில் கடை வைத்திருக்கும் ஒரு ஈரானியர், வெளிநாட்டுக்கு அனுப்ப மத்தாப்பு ஆர்டர் கொடுப்பதற்காக வந்திருக்கிறார். மனைவி ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எட்டு மாத வயிறு. மொழி தெரியாத ஊரில் தனியாக விட்டு வர மனமில்லாமல் கூடவே அழைத்து வந்துவிட்டார். விருதுநகரில் ஒரு வியாபாரி வீட்டு மாடியில் தங்கியிருந்தார்கள். காலையில் கணவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கம்பெனிகளைப் பார்க்கக் கிளம்பிப் போயிருக்கிறார். அவர் போன கொஞ்ச நேரத்தில் இந்தப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. வியாபாரியின் மனைவிதான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். கணவருக்குச் சொல்ல ஆள் போயிருந்தது. ஆனால் அவர் அந்தக் காட்டில் எந்தக் கம்பெனியில் இருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்.

கட்டிலில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல சிவப்பு, முகம் முழுக்க வியர்வை. நான் அருகில் போய், வகுப்பில் கற்ற முறைப்படி முழு மரியாதையோடு வணக்கம் சொல்லி, தங்கள் திருமேனி நலமா என்கிற அர்த்தத்தில் கேட்டேன். அவள் வலியை மறந்து என்னையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேச ஆரம்பித்தாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

மெதுவாக, மெதுவாக என்று கெஞ்சினேன். சித்தி அவளுக்குக் காபியும் ரொட்டியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தட்டைத் தள்ளி அவள் ஏதோ சொன்னாள். அதில் 'நூன்' என்று ஒரு வார்த்தை வந்தது. புத்தகத்தில் ரொட்டிக்கு 'நான்'. கொஞ்சம் யோசித்ததும் பிடிபட்டது. எழுத்தில் 'ஆ' என்று இருப்பது இவள் பேச்சில் 'ஊ' ஆகிறது. நான், நூன். ரொட்டி வேண்டாம் என்கிறாள். ஒரு பூட்டு திறந்த மாதிரி இருந்தது. இப்படியே மாற்றிக்கொண்டு போனால் பாதியாவது புரிந்துவிடும் என்று தைரியம் வந்தது.

அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது 'முதல் குழந்தை'. அது தெளிவாகவே புரிந்தது. அதற்குப் பிறகு 'கூனம், கூனம்' என்று ஒரு வார்த்தை. கூடவே 'போனது' என்று ஒரு வினைச்சொல். நான் உடனே என் கணக்கைப் போட்டேன். வீட்டுக்குப் புத்தகத்தில் 'கானா'. அது இவள் வாயில் 'கூனே' ஆகும். அப்படியானால் 'கூனம்' என்பது என் வீடு. முதல் குழந்தை, என் வீடு, போனது. மூத்த பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அதை நினைத்து அழுகிறாள். கேட்டுப் பார்த்தேன். முதல் குழந்தை எங்கே என்றதற்கு, ஊரில் தன் தாயாரிடம் இருப்பதாகச் சொன்னாள். எல்லாம் பொருந்திவிட்டது.

இதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். நாகர்கோவில்காரர். அதிகம் பேச மாட்டார். வாரம் ஒரு நாள் எம். புதுப்பட்டி கிராமத்துக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று அந்த நாள். மருந்துப் பெட்டி ஏற்கெனவே வேனில் ஏறியிருந்தது.

"வேற ஏதும் சொல்றாங்களா?" என்று கேட்டார்.

மூத்த பிள்ளையைத் தேடுகிறாள், வேறொன்றும் இல்லை என்றேன். அப்படியானால் நேரம் இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறேன், பக்கத்திலிருந்து தைரியம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

நான் திரும்பிப் போய், வீட்டுக்குப் போகலாம், பிள்ளையைப் பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்த மொழியில் ஆறுதல் சொன்னேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அழுகை கூடியது. மறுபடியும் அதே வார்த்தைகள். ஆனால் இந்தத் தடவை 'நிறைய' என்ற சொல்லும் காதில் விழுந்தது. கூனம் போனது, நிறையப் போனது.

வீடு எப்படி நிறையப் போகும்?

பழைய தஸ்தாவேஜுகளைப் படித்தவர்களுக்கு இந்த உறுத்தல் தெரியும். அவசரத்தில் கிறுக்கியிருப்பார்கள், ஒரு எழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் புள்ளிகள் இருக்காது. நாமாக ஒரு வார்த்தையை ஊகித்துப் படிப்போம். வாக்கியத்தில் எல்லாம் சரியாக உட்காரும், ஒரே ஒரு சொல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது துருத்துகிற சொல்லில் கோளாறு இருக்காது. நாம் முதலில் ஊகித்ததில்தான் இருக்கும்.

இன்னொரு தடவை சொல் என்று கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எல்லாம் வெள்ளையாக இருந்த அறை அது. என் வலது கையை இழுத்தாள். தாள் திருத்திய சிவப்பு மை ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்தது, கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருந்தேன். அந்த விரலைப் பிடித்து அழுத்திச் சொன்னாள்: "கூன்."

கூன் என்றால் ரத்தம். இரண்டு வருஷம் நான் படித்த கவிதைகளில் அந்த வார்த்தை வராத பக்கம் கிடையாது. காதலன் கண்ணில் ரத்தம், நெஞ்சில் ரத்தம், கோப்பையில் ரத்தம். அப்படிப் பார்த்துப் பார்த்து, அது உண்மையான ரத்தத்தையும் குறிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பேச்சில் என் வீடும் கூனம்தான், என் ரத்தமும் கூனம்தான்.

முதல் குழந்தையின்போது ரத்தமா, நிறையவா என்று கேட்டேன். ஆமாம், ஆமாம் என்றாள். கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டி, செத்தேன் என்றாள். அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் ஓடினேன். வேன் கேட்டைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் சத்தம் போட்டு நிறுத்தினார்.

"டாக்டர், நான் சொன்னது தப்பு. மூத்த பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போயிருக்கு. பிழைச்சதே பெரிசாம். அதைத்தான் இம்புட்டு நேரமும் சொல்லியிருக்காக."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். "நிச்சயமா?"

"நிச்சயம்" என்றேன்.

அவர் இறங்கி உள்ளே வந்தார். அதற்குப் பிறகு நடந்தவை வேகவேகமாக நடந்தன. ஊசி மருந்துகளை எடுத்து வைக்கச் சொன்னார், சலைன் ஏற்றினார். அந்தப் பெண்ணின் ரத்தத்தைச் சோதித்து, ஆஸ்பத்திரியில் இருந்த எல்லோருடைய ரத்தத்தையும் சோதிக்க வைத்தார். என்னுடையது சேரவில்லை. ஒரு நர்ஸுடையதும் வேன் டிரைவருடையதும் சேர்ந்தன. டிரைவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக்காரர், முன்பு மத்தாப்பு லோடு அடித்தவர். ரத்தம் கொடுத்தால் அப்புறம் வண்டி ஓட்ட முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் தலைமாட்டில் நின்றேன். முக்கு என்பதற்குப் பாரசீகத்தில் எனக்கு வார்த்தை தெரியாது. 'முயற்சி செய்வீராக' என்றுதான் சொல்ல வந்தது. அந்த நிலையிலும் அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. டாக்டர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே, நாலு மணிவாக்கில் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, கைக்குள் அடங்குகிற அளவு. சித்தி அதைத் துணியில் சுற்றி வெந்நீர்ப் பைகளுக்கு நடுவே வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ரத்தம் வந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. அவள் உதடு வெளுத்தது, என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. டாக்டரம்மாவின் குரல் மட்டும் ஒரு தடவைகூட உயரவில்லை. எடுத்து வைத்திருந்த இரண்டு பாட்டில் ரத்தமும் ஏறின. வெகுநேரம் கழித்து, ரத்தம் நின்னுட்டு என்று சித்தி சொன்னார்கள். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

விளக்கேற்றும் நேரத்துக்குக் கணவர் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் செம்மண். டாக்டர் அவரிடம் இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னார். முன்கூட்டியே தெரியாமல், தான் புதுப்பட்டிக்குப் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றும் சொன்னார். அதைச் சாதாரணமாக, ஒரு தகவல் போலத்தான் சொன்னார். நான் முதலில் தப்பாகச் சொன்னதை அவர் அன்றும் குறிப்பிடவில்லை, பிறகும் குறிப்பிட்டதில்லை.

தாயும் குழந்தையும் தேறும்வரை அவர்கள் விருதுநகரிலேயே இருந்தார்கள். பள்ளி விட்டதும் நான் அந்த மாடிக்குப் போவேன். அவள் பேசுவதை நான் கற்றுக்கொண்டேன், என் புத்தகப் பேச்சை அவள் கேட்டுச் சிரித்தாள். பழைய ராஜசபையிலிருந்து யாரோ ஒரு மந்திரி எழுந்து வந்து பிரசவ வலியை விசாரிப்பது போல இருந்ததாம் அன்றைக்கு. அவள் அப்படி நினைத்ததை எனக்குச் சொன்னது கணவர். அவர் சொல்லும்போது அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிஸ்தாத் தட்டை நீட்டுவாள், நான் படித்த முறைப்படி இரண்டு தடவை மறுப்பேன், மூன்றாம் தடவை எடுத்துக்கொள்வேன். அந்த மரியாதையை மட்டும் நான் சரியாகச் செய்வதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

புரட்டாசியில் அவர்கள் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. என் ஆராய்ச்சியும் முடியவில்லை. அப்பா காலமான பிறகு கல்யாணம், பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மாவே என் பாரசீகப் படிப்பைப் பற்றிச் சொன்னார்கள் என்பது மட்டும் ஒரு மாற்றம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்து ஏதோ சொல்லும். வீட்டில் ஒருவர் ஏதோ குறை சொல்லுவார். எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றுகிற அந்த நிமிஷத்தில்தான், இன்றைக்கும் நான் "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்கிறேன்.