டனிஸ்ரன் உதைக்காத பந்து

பிரெஞ்சு பேசும் கனடிய நகரமொன்றின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் வளர்ந்த டனிஸ்ரனுக்குச் சின்ன வயதிலிருந்தே உதைபந்தாட்டம்தான் எல்லாம். பள்ளி முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய சேஜெப் கல்லூரியில் சேர்ந்ததும் அதன் உதைபந்தாட்ட அணியின் தேர்வுக்குப் போனான். எடுக்கவில்லை. கோபத்தில் அவன் உதைத்த பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்ததை பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் அமெரிக்கன் ஃபுட்போலின் கோச் பார்த்துவிட்டார். கல்லூரி அந்த அணியைப் புதிதாகத் தொடங்கியிருந்த நேரம் அது. மறுநாளே அவன் தலையில் ஹெல்மெட் ஏறியது.

அவனுக்கு ஒரே வேலைதான். கனடிய விதிப்படி பத்து யார் தூரம் முன்னேற அணிக்கு மூன்று முயற்சிகள் உண்டு; மூன்றிலும் முடியாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அதனால் இரண்டில் முடியாவிட்டால், மூன்றாவதில் டனிஸ்ரன் ஓடிவந்து பந்தை எதிரணியின் பக்கம் முடிந்தளவு தூரத்துக்கு உதைத்துவிட வேண்டும். தோற்கிற அணியில் இந்த வேலைக்குக் குறைவேயில்லை. அந்த இலையுதிர்காலம் முழுக்கத் தோற்றார்கள். ஷெர்புரூக் நகரில் நடந்த ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. சிலர் அணியை விட்டே போனார்கள். டனிஸ்ரனின் கால் மட்டும் வாரத்துக்கு வாரம் பலமாகிக்கொண்டு வந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்பட அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவனுடைய அம்மா யோசெப்பின் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவர். இந்த விளையாட்டையும் ரக்பி என்று நினைத்து, ரகர் என்றே சொல்வார். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்துப் பார்க்க வந்தார். மகன் உள்ளே ஓடிவரும்போதெல்லாம் எழுந்து கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காரில் வீடு திரும்பும்போது டனிஸ்ரனால் பொறுக்க முடியவில்லை.

"நான் உள்ளுக்கு வாறன் எண்டால் எங்களுக்கு ஏலாமல் போச்சு எண்டு அர்த்தம் அம்மா. அதுக்குப் போய்க் கைதட்டாதேங்கோ."

சிவப்பு சிக்னலில் கார் நின்றது. யோசெப்பின் சொன்னார்: "ஏலாமல் போற நேரம் உன்னைத்தானே கூப்பிடுறாங்கள். அது சின்ன வேலையே?"

அடுத்த கிழமையிலிருந்து அவன் பயிற்சி முடிந்தும் தனியாக நின்று, காற்றுக்கு எதிராக உதைத்துப் பழகினான்.

கடைசி ஆட்டம் நவம்பரில், சொந்த மைதானத்தில் நடந்தது. அதிசயமாக நான்கு புள்ளிகள்தான் பின்னால் நின்றார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. மூன்றாவது முயற்சி, இன்னும் ஒரு யார் போதும். கோச் வழக்கம்போல டனிஸ்ரனைப் பார்த்துக் கை காட்டினார். அவன் உள்ளே ஓடாமல் கோச்சிடம் போனான்.

"என்னை அனுப்ப வேண்டாம்," என்று பிரெஞ்சில் சொன்னான். "ஒரு யார்தானே. அவர்கள் எடுப்பார்கள்."

கோச் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். எல்லாருமாக ஒரே குவியலாக மோதி அந்த ஒரு யாரை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பந்து எதிரணியின் எல்லைக்கோட்டையும் தாண்டி, ஆறு புள்ளிகள் கிடைத்தன. அந்த வருடத்தில் முதல்தடவையாக முன்னால் நின்றார்கள். ஓரத்தில் நின்று கத்திக் கத்தி டனிஸ்ரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

முடியும் தறுவாயில் எதிரணி மறுபடியும் புள்ளி எடுத்து வென்றது. ஆனால் ஒருவரும் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறவில்லை. குளிரில் கட்டிப்பிடித்தபடி வெகுநேரம் மைதானத்திலேயே நின்றார்கள்.

ஜனவரியில் கோச் கூட்டம் வைத்தபோது, விட்டுப்போனவர்களில் இருவர்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். புதிய கப்டனாக டனிஸ்ரனை அணியினரே தெரிவு செய்தார்கள். அவன் வீட்டுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னான். கப்டன் எண்டால் இன்னும் கூடுதலா இடிபட வேணுமோ என்றுதான் யோசெப்பின் முதலில் கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தார்.

மைதானத்தில் இன்னும் பனி கிடக்கிறது. உள்ளரங்கில் பயிற்சி தொடங்கிவிட்டது.