பல்லக்காவின் சனிக்கிழமை ராஜ்யம்

பல் செட் செய்வது அவள் வேலை. பல் ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ஜன்னல். கீழே டாக்டர் எடுக்கும் வாய் அச்சுகள் மேலே வரும். மெழுகை உருக்கி, பல்லைப் பதித்து, ஈறு வார்த்து, பளபளவென்று தேய்த்து இவள் கீழே அனுப்புவாள். எத்தனையோ வருஷமாகச் செய்கிறாள். தான் செய்த பல்லோடு சிரிக்கிற ஒரு முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வாய்கள்தான். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் தட்டிப்போனவள். தம்பி குடும்பம் வேறு ஊருக்குப் போனபின் வீட்டிலும் தனி ஆள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி மூடுகிற நேரத்துக்குப் பேய்மழை பிடித்துக்கொண்டது. கீழ்க்கடை தையல்காரர், ரிசப்ஷன் பெண், பல்வலியோடு வந்த பள்ளிக்கூட வேன் டிரைவர் என்று மூன்று பேர் நனையாமல் மாடிக்கு ஏறி வந்தார்கள். மின்சாரமும் போயிற்று. எவ்வளவு நேரம்தான் மழையையே பார்ப்பது? பல்லக்காவுக்கு எப்போதோ பழைய பத்திரிகையில் படித்த துணுக்கு ஞாபகம் வந்தது. எங்கோ சிலர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்களாம். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். துணுக்கில் அவ்வளவுதான் இருந்தது. விதிமுறைகளை அவளே போட்டுக்கொண்டாள்.

ஈறு வார்க்கும் இளஞ்சிவப்பு மாவில் ஆறு பக்கமுள்ள ஒரு தாயக்கட்டை செய்து வெள்ளைப் புள்ளி வைத்தாள். உள்ளே காற்றுக்குமிழ் மாட்டியிருக்க வேண்டும், பாதி நேரம் இரண்டுதான் விழுந்தது. அதனால் அந்தக் கதை ராஜ்யத்தில் யாரும் எதையும் சுளுவாக ஜெயித்ததில்லை. மிஞ்சிய கடைவாய்ப் பற்கள் அரக்கர்களாயின, முன்பற்கள் காவல்காரர்களாயின.

டிரைவர், மாமியாருக்குப் பயந்து சிம்மாசனத்தை விட்டு ஓடிவந்த ராஜா. ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத தையல்காரர், ஊரையே நடுங்க வைக்கிற கொள்ளைக்காரன். ரிசப்ஷன் பெண் ஒரு திருடி. ஆனால் வேலைப் பழக்கம் விடவில்லை.

"பூட்டை உடைக்கிறியா?" என்று பல்லக்கா கேட்டாள்.

"இல்லக்கா. வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்குத் திருட வந்தா சௌகரியம்னு கேக்கறேன்."

தையல்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. மழை விட்டு நெடுநேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமை என்றால் மாடிதான். வாரம் முழுக்க, பல்லைத் தேய்த்துக்கொண்டே பல்லக்கா கதையை ஓட்டிப் பார்ப்பாள். பாலத்தடியில் ஒரு பூதத்தை உட்கார வைப்பாள். அவர்கள் அதோடு சண்டை போடுவார்கள் என்று நினைத்திருப்பாள். கொள்ளைக்காரனோ பூதத்துக்குச் சட்டை அளவெடுக்க ஆரம்பித்துவிடுவான். அவள் போட்டு வைத்த கதை அங்கேயே கவிழ்ந்துவிடும். அதுதான் அவளுக்குப் பிடித்தது. வீட்டில் டம்ளரை எங்கே வைத்தாளோ அங்கேயே இருக்கும். இங்கே எதுவும் வைத்த இடத்தில் இருக்காது.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு ரிசப்ஷன் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அடுத்து தையல்காரருக்குக் கண்ணில் புரை விழுந்தது. கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது, "நம்ம கொள்ளைக்காரனைக் கொன்னுடாதம்மா, சும்மா வெளியூர் போயிருக்கான்னு சொல்லு" என்றார். டிரைவருக்கும் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை டிரிப் சேர்த்துவிட்டார்கள்.

போனில் ஆடிப் பார்த்தார்கள். அவரவர் வீட்டில் உருட்டுகிற கட்டையில் என்ன விழுந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தையல்காரருக்கு மட்டும் உருட்டுகிறபோதெல்லாம் ஆறு விழுந்தது. ரிசப்ஷன் பெண் நடுநடுவே, "ஒரு நிமிஷம்க்கா, மாமியார் கூப்பிடறாங்க" என்று போய்விடுவாள். நாலைந்து வாரத்தில் அதுவும் நின்றுபோனது. யாரும் நிறுத்தலாம் என்று சொல்லவில்லை.

பல்லக்கா மட்டும் சனிக்கிழமை வீட்டுக்குப் போகாமல் மாடியிலேயே இருந்தாள். ஒருநாள் பற்களை அடுக்கிவைத்து, ராஜா, திருடி, கொள்ளைக்காரன் மூன்று பேர் குரலிலும் தானே பேசிப் பார்த்தாள். கொள்ளைக்காரன் குரல் அச்சு அசலாக வந்தது. ஆனால் அவன் சொன்னதெல்லாம் அவளுக்கு முன்னாலேயே தெரிந்த சங்கதி. கதவருகே யாரோ கனைத்தார்கள். டாக்டர்.

"யாரோட பேசிட்டிருந்தீங்க?"

"யாரும் இல்ல டாக்டர்."

அவர் மேஜைமேல் இருந்த பற்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை என்றாள். தேடி வந்த சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பற்களை வாரி டப்பாவில் போட்டு மூடினாள்.

கோடை லீவில் ஒரு சனிக்கிழமை டிரைவர் திடுதிப்பென்று வந்து நின்றான். "வேன் ஷெட்டுல கெடக்கு. ஆடலாமாக்கா?"

"ரெண்டு பேர் எப்படிப்பா ஆடறது?"

"இன்னிக்கு நான் கதை சொல்றேன், நீ ஆடு. நீதான் ஒரு தடவைகூட உள்ள வந்ததில்லையே."

அது உண்மைதான். அரக்கன், பூதம், ஊர்க் கிழவி, பேசும் கழுதை என்று ராஜ்யத்தில் மிச்சமிருந்த அத்தனை பேரும் அவள்தான். ஆனால் தனக்கென்று ஒரு ஆள் வைத்துக்கொண்டதில்லை.

"சரி, நீ யாருன்னு சொல்லு" என்றான் டிரைவர்.

பல்லக்கா டப்பாவைத் திறந்து தாயக்கட்டையை எடுத்தாள். மற்றவர்களுக்கென்றால் நொடியில் எடுத்துக்கொடுக்கிறவளுக்குத் தனக்கென்று வரும்போது ஒன்றும் ஓடவில்லை. டிரைவர் அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"ஒரு பொம்பளை" என்றாள் கடைசியில். "ஊருக்குப் புதுசு. யாரையும் தெரியாது."

"என்ன தெரியும் அவளுக்கு? வாள் வீசுவாளா, மந்திரம் போடுவாளா?"

"நல்லா காது குடுத்துக் கேப்பா. யாரு என்ன சொன்னாலும் கேப்பா."

"அவளுக்கு என்ன வேணும்?"

பல்லக்கா தாயக்கட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "அவகிட்ட யாராச்சும் ஏதாச்சும் கேக்கணும்" என்றாள். சொன்னபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரைவர் மறுபடி மேஜைப் பக்கம் திரும்பினான். அவனுக்குத் தெரிந்த உலகம் ரோடுதான். "சரி. நீ ரோட்டுல நடந்து போற. பயங்கர டிராஃபிக். நூறு ஒட்டகம் வரிசையா நிக்குது, எதுவும் நகரல. முதல் ஒட்டகக்காரன் இறங்கி வந்து உன்கிட்ட கேக்கறான், 'அம்மா, இந்த ஊர்ல யூ-டர்ன் எங்க இருக்கு?'"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"எனக்கும் தெரியாது, வா சேர்ந்து தேடலாம்னு சொல்லி ஒட்டகத்துல ஏறிக்கறேன்."

"உருட்டு."

இரண்டு விழுந்தது. ஒட்டகம் அவளைக் கீழே தள்ளிவிட்டது. கதை சொல்ல டிரைவருக்கு வரவில்லை. சொன்னதையே சொன்னான், தன் ராஜாவின் பெயரையே மறந்தான், பாலைவனத்தில் டோல்கேட் வைத்தான். பல்லக்கா ஒன்றையும் திருத்தவில்லை.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் முடியாதுக்கா. அதுக்கடுத்த வாரம் பாக்கறேன்" என்றான். அந்த வாரம் வந்தான். பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மாசத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. வராத சனிக்கிழமைகளே அதிகம். அந்த நாட்களில் அவள் நேரத்தோடு கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் அந்தப் பொம்பளையைப் பற்றி யோசிப்பாள். ஒட்டகக்காரர்கள் அவளை டோல்கேட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இனி அவளுக்கு என்ன ஆகும் என்று எவ்வளவு யோசித்தும் பல்லக்காவுக்குப் பிடிபடவில்லை. அது டிரைவருக்குத்தான் தெரியும். அவனுக்கும் தெரியுமோ என்னவோ.