சோதனைச் சாவடியில் இறங்கினேன்

ஸ்வீடனில் முதியவர்களை வீடுவீடாகப் போய்க் கவனிப்பது என் வேலை. அலுவலகக் காரில் சாவியைத் திருகினால் மட்டும் இன்ஜின் கிளம்பாது. 'அல்கோலோஸ்' என்ற கருவியில் முதலில் ஊத வேண்டும். மூச்சில் மது இல்லையென்று அது ஒப்புக்கொண்டால்தான் வண்டி நகரும். ஒரு சொட்டும் தொடாத நான் தினமும் குற்றவாளிபோல ஊதுகிறேன். ஊதும்போதெல்லாம் தேனிப் பக்கம் கம்பம் ஊரிலிருக்கும் அண்ணன் முருகேசனின் முகம் வந்து நிற்கிறது.

அண்ணன் ஜீப் டிரைவர். கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை விடிந்ததும் மலையேற்றிக் கொண்டுபோவார். போன விடுமுறையில், மேலே குடியிருக்கும் பள்ளித் தோழியைப் பார்க்க நானும் முன்சீட்டில் ஏறினேன். ஸ்டியரிங்கில் அவர் கை நடுங்கியது. தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தார். நடுக்கம் நின்றது, சாராய வாடை என் பக்கம் வந்தது.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க."

"கண்ணக் கட்டிவிட்டாலும் இந்த ரோட்டுல ஓட்டுவேன் ஆத்தா. பேசாம வா."

மூன்றாவது வளைவில் ஜீப் தடுப்புச் சுவரை உரசியது. பின்னால் பன்னிரண்டு பெண்களும் அலறினார்கள். சோதனைச் சாவடியில் வண்டி நின்றதும் இறங்கிப் போலீஸ்காரரிடம் போனேன்.

"டிரைவர் குடிச்சிருக்காரு சார்."

"நீங்க யாரும்மா?"

"தங்கச்சி."

அண்ணனை ஊதச் சொன்னார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே ஊதினார். ஜீப்பை ஓரங்கட்டினார்கள். இறங்கி நின்ற பெண்களில் பேச்சியம்மாள் அக்கா மட்டும் என்னிடம் வந்தார்.

"நல்லதுதான் செஞ்ச. ஆனா நீ பிளேன் ஏறிப் போயிருவ. நாளைக்கு நாங்க எந்த வண்டியில ஏற?"

அந்தக் கேள்வியோடுதான் பிளேன் ஏறினேன்.

ஸ்வீடன் திரும்பி வந்து, கூட வேலை செய்யும் இங்கெரிடம் நடந்ததை அரைகுறை ஸ்வீடிஷில் சொன்னேன். "ப்ரா! நல்லது! வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்களே" என்று கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். நிம்மதியில் அழுகிறேன் என்று நினைத்துக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அண்ணனின் லைசென்ஸை முடக்கினார்கள். தேனியில் சிகிச்சைக்கு இருந்துவிட்டு வந்தவர், இப்போது வாழைக்காய் மண்டியில் சுமை தூக்குகிறார். மூன்று மாதமாகக் குடிக்கவில்லை என்கிறார் மதினி. நம்புகிறேன், மறுநாளே மறுபடி விசாரிக்கிறேன். என்னோடு அண்ணன் பேசுவதில்லை.

போன ஞாயிறும் அழைத்தேன். "அண்ணன் இருக்காகளா மதினி?"

"வெளிய போயிருக்காக" என்றார். அவருக்குப் பின்னாலேயே அண்ணனின் இருமல் கேட்டது.

"சரி மதினி" என்றேன். ஆனால் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. காதுக்குள் கம்பத்து பஸ் ஹாரனும், அண்ணன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும் ஓசையும்.