பத்து வெள்ளிப் போர்வை

காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்பது ஈப்போவில் நமக்கு வணக்கம் சொல்வது மாதிரி. பதில் வருவதற்குள் கேட்டவர் தெருமுனை தாண்டியிருப்பார். திருவண்ணாமலையில் வேங்கிக்கால் வீட்டுக்குக் குடிவந்த மறுநாள், பக்கத்து வீட்டுக் கலாவதி கலெக்டர் ஆபீஸ் வேலைக்குக் கிளம்ப வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நானும் அப்படித்தான் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பசிக்குதுங்களா?" என்றார். நான் சிரித்துவைத்தேன். வண்டியை விட்டுவிட்டு உள்ளே போனவர் தூக்கில் இட்லியோடு வந்தார். என்ன விருந்தோம்பல் என்று நெகிழ்ந்துபோய் மறுநாளும் அதையே கேட்டேன். அன்று பொங்கல் வந்தது.

என் கணவர் செல்வராசு கீழ்பென்னாத்தூர்க்காரர். இளவயதில் மலேசியாவுக்கு வேலைக்கு வந்து, ஈப்போவில் பிறந்து வளர்ந்த என்னைக் கட்டிக்கொண்டார். ஓய்வு பெற்றதும் சொந்த ஊர்ப்பக்கம் போகலாம் என்றார். அவர் திரும்பி வந்தார், புலம்பெயர்ந்தது நான். தமிழ்நாட்டுக்குப் போனவளுக்கு என்ன அந்நியம் என்று ஈப்போவில் இருக்கும் நீங்கள் கேட்கலாம். தமிழ் புரியாத ஊரில் நாம் சொல்வது புரியவில்லை என்பதாவது புரியும். இங்கே எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும், அதுதான் தொல்லை.

நான் கொண்டுவந்த ஒரே பொழுதுபோக்கு குயில்ட் தைப்பது. துண்டுத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, பூ, நட்சத்திரம் என்று இணைத்துப் போர்வையாக்கும் வேலை. ஈப்போவில் சனிக்கிழமைதோறும் சமூக மண்டபத்தில் கூடித் தைப்போம். இந்த வெயில் நாட்டில் போர்வை எதற்கு என்று அங்கே யாரும் கேட்டதில்லை. மண்டபத்தின் ஏர்கான் அப்படி. ஒருவர் துணி கொடுத்தால் அவர் கண்ணெதிரே வெட்டுவதுதான் அங்கே மரியாதை.

வேலூர் சாலையில் நசீர் பாயின் தையல் கடையில், மேசைக்கடியில் வெட்டுத் துணி மூட்டையைக் கண்டதும் எனக்குக் கை பரபரத்தது. ரிங்கிட்டை நாம் வெள்ளி என்போம் அல்லவா; வந்த புதிதில் எந்த விலையையும் வெள்ளியாக மாற்றிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். மனத்துக்குள் போட்ட கணக்கு வாய்வழியே வந்துவிட்டது.

"பாய், இந்தத் துணி ஒரு பத்து வெள்ளி வருமா?"

அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார். "வரும்மா. தாராளமா வரும்."

பணத்தை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதுக்குப் போயி காசு வாங்குவாங்களா? நம்மகிட்ட ஜாஸ்தியாவே கெடக்குது. வீடு எங்கன்னு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து தொப்பியோடு மொபெட்டில் வந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்ததும். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் வாங்கிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும் கலாவதி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வாசலில் உட்கார்ந்து தைக்கும்போது வந்து கேட்டார். "என்னங்க தைக்கிறீங்க?"

"போர்வை."

"இந்தத் துண்டுலயா? யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

அவர் கண் கலங்கியதை வெயில் என்று நினைத்தேன். அன்று மாலையே பூப்போட்ட புது பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக் கொடுத்தார். அருமையான பருத்தி. மரியாதை தவறக்கூடாதே என்று அவர் எதிரிலேயே கத்தரிக்கோலை எடுத்து நடுவில் ஒரே வெட்டு. கலாவதி என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வெளியே போனார். அதுவரை எங்களை ஏழைகள் என்று மட்டும்தான் நினைத்திருந்தாராம்.

அவருக்கும் கீழ்பென்னாத்தூர்தான் சொந்த ஊர். செய்தி போய்ச் சேர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை என் நாத்தனார் பச்சையம்மாள் ஒரு மூட்டை அரிசி, ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வேனில் வந்து இறங்கினார். என் கணவர் தனக்குப் பிடித்த ஓட்டை லுங்கியில், ஈப்போப் பழக்கமான, பால் விடாத கோப்பி-ஓவைக் குடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாலு வாங்கக்கூட வழியில்லாமப் போச்சாடா ராசு? கை கம்மியா இருந்தா அக்காகிட்ட கேக்கறதுக்கு இன்னா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். யாரு சொன்னாங்க?"

"உன் பொண்டாட்டி ஒட்டுத்துணி தைக்குதாமே."

"அது குயில்ட்டுக்கா."

"குயிலுக்கா? குயிலுக்கு எதுக்குடா போர்வை?" என்று என் பக்கம் திரும்பியவர் குரலைத் தாழ்த்தினார். "இவன டாக்டர்கிட்ட காட்டினியா?"

என் கணவர் முகம் கறுத்துவிட்டது. வெளிநாட்டில் சம்பாதித்து வீடு கட்டியவர் என்று ஊரில் அவருக்கிருந்த பேர், என் கத்தரிக்கோலால் போகிறது. தையல் மெஷினை மூட்டை கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மொபெட் வந்து நின்றது. கலாவதியும் வாசலுக்கு வந்துவிட்டார்.

"பாய், ஏன் வாரா வாரம் குடுக்கறீங்க?" என்றார் கணவர், கொஞ்சம் கடுமையாக.

"அம்மாதானே பத்து வெள்ளி வருமான்னு கேட்டாங்க. கஷ்டம்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, பாவம்னு வந்துட்டிருக்கேன். இது ஏழாவது. இன்னும் மூணு வரணும்."

கணவர் சிரிக்க ஆரம்பித்தார். லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திண்டாடும் அளவுக்குச் சிரித்தார். "அங்க வெள்ளின்னா காசு, பாய்."

நசீர் பாய் யோசித்தார். "அப்ப வெள்ளிக்கெழமைய இன்னா சொல்வாங்க?"

"வெள்ளிக்கிழமைன்னுதான்."

"கொழப்பமா இருக்காதா?"

எங்கள் ஊரில் யாரும் குழம்பியதில்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை. உள்ளே ஓடிப் போர்வையைக் கொண்டுவந்து விரித்தேன். நடுநட்சத்திரம் முழுக்கக் கலாவதியின் பெட்ஷீட் பூக்கள். அவர் குனிந்து தடவிப் பார்த்தார். "வெட்டி வீசிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார். நசீர் பாய் ஓரத்தைத் தூக்கி, தையல் நேராக இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். சொன்ன சொல் தவறக்கூடாது என்று மிச்ச மூன்று வெள்ளியும் வரவே செய்தார். நாத்தனார் அரிசியைத் திரும்ப எடுத்துப்போக மறுத்துவிட்டார். வேனுக்குக் கொடுத்த கூலி வீணாகுமாம்.

கடைசியில் போர்வையின் அடிப்பக்கத்துக்குத் துணி போதவில்லை. ஈப்போவிலிருந்து கொண்டுவந்து கட்டாமலே வைத்திருந்த மெழுகுச்சாயப் பூப்போட்ட பாத்தேக் கைலிகளைப் பிரித்து வைத்துத் தைத்தேன். இப்போது பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் நாத்தனார் எங்கள் வீட்டில்தான் தங்குகிறார். வந்ததும் போர்வையைத் திருப்பி, பாத்தேக்கை மேலே போடுகிறார். அதுதான் நல்ல பக்கமாம், வெளிநாட்டுத் துணியாம். அவர் அந்தப்பக்கம் போனதும் நான் திருப்பி, திருவண்ணாமலைத் துண்டுகளை மேலே கொண்டுவருகிறேன். போன தடவை மதியத் தூக்கத்துக்கு வந்த கணவர், எதுதான் மேல் பக்கம் என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். அவர் பாதியை அப்படியும் பாதியை இப்படியுமாக மடித்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.