சேற்றில் நின்ற கலப்பை

அப்பா ஏன் துபாய்க்குப் போகவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். எட்டாவதோடு நின்றவனுக்கு எழுத்து எவ்வளவு வரும் என்று தெரியவில்லை. இருந்தாலும் அந்த ஒரு நாளை எழுதிவிடுகிறேன்.

அப்போது நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். உங்கள் மாமா துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். எனக்கு டிரைவர் விசா பேசி வைத்துவிட்டு, திரும்பும்போது என் பாஸ்போர்ட்டைக் கையோடு வாங்கிப்போக வேண்டும் என்று நின்றார். நானோ அந்த வருடம்தான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒருவரிடம் பழைய டிராக்டர் வாங்கியிருந்தேன். என்னைவிட அதற்கு நாலைந்து வயதுதான் குறைவு.

"இந்தக் கெழத்த நம்பியா அத்தான் உக்காந்திருக்கப் போறீங்க?" என்பார் மாமா.

ஆயுத பூசை கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஆறு மா வயலில், ஏக்கர் கணக்கில் இரண்டு, சேடை ஓட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கட்டி மண்ணைக் கூழாக உழுவதுதான் சேடை. வயல் ஒரு அம்மாவுடையது. கணவர் சிங்கப்பூரில். குத்தகைக்கு விட்டுவிடச் சொன்ன சொந்தக்காரர்களை எதிர்த்து, அந்த அம்மா தானே நின்று செய்த முதல் சாகுபடி. நாற்றைப் பறித்துக் கட்டுக் கட்டாக முடி போட்டு வரப்பில் அடுக்கியிருந்தார். மறுநாள் காலை நடவுக்கு ஆளும் சொல்லியாகிவிட்டது. அன்றைக்குச் சேடை முடியாவிட்டால் நாற்று வெம்பிப்போகும், ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள்.

டிராக்டரில் திரும்பும்போது பின்னால் இருக்கும் கலப்பையை லிப்ட் தூக்கிக்கொள்ள வேண்டும். ஒன்பது மணி வாக்கில் நடு வயலில் லிவரை மேலே இழுத்தேன். கலப்பை அசையவில்லை. மறுபடி இழுத்தேன். உள்ளே முனகல் சத்தம் மட்டும் கேட்டது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மாமா வரப்பில் நின்று, "என்ன அத்தான், தூங்கிருச்சா?" என்றார். வயல்காரம்மா நாற்று முடிகளின் மேல் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மாமா மொபெட்டில் போய் டெலிபோன் பூத்திலிருந்து கும்பகோணத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டு வந்தார். லிப்டுக்கு எண்ணெய் தள்ளும் பம்பு போயிருக்கும், வண்டியைக் கொண்டுவந்தால் நாலு நாளில் தருகிறேன் என்றாராம்.

"நாலு நாளா?" என்றார் அந்த அம்மா. "ஏண்ணே, வேற வண்டி யாருகிட்டயாச்சும் சொல்லட்டுமா?"

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்கம்மா. அதுக்கு மேல நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்."

வாய் சொல்லிவிட்டது. முட்டளவு சேற்றில் இறங்கி, மாட்டியிருந்த பின்களைக் கழற்றிக் கலப்பையைத் தனியாகப் பிரித்தேன். பிறகு லிவரை இழுத்தேன். கலப்பை இல்லாத லிப்டின் இரும்புக் கைகள் மட்டும் மெதுவாக, திக்கித் திக்கி மேலே வந்தன. சும்மா தூக்குகிறது, பாரத்தோடு தூக்கவில்லை. பம்பு அடியோடு செத்திருந்தால் இதுவும் நடக்காது. அதற்குக் குடிக்க எண்ணெய் சரியாகக் கிடைக்கவில்லை என்று தோன்றியது.

வண்டியைக் கரையேற்றி, என்ஜினை அணைத்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. குச்சியில் ஆயில் இல்லை, மோர் இருந்தது. அப்படி வெளுத்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

அந்த அம்மா நெல் அவிக்கும் அண்டாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவையும் அதில் இறக்கினேன். பில்டரைக் கழற்றினால் சல்லடைக் கண் முழுக்க வெள்ளைப் பிசின். டீசலில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, சூரியனுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். உள்ளேயும் டீசல் விட்டு அலசினேன். மாமா இன்னொரு முறை மொபெட்டை எடுத்துப் போய்ப் புது ஆயில் வாங்கி வந்தார்.

"ஊத்துங்க அத்தான், கெளம்பலாம்."

"தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு தெரியாம ஊத்துனா சாயங்காலம் திரும்ப மோர்தான் மாப்ள."

"நீங்க பம்பரமா சுத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்கு பிளைட்டே வந்துரும்."

அந்த உஸ் சத்தமே காதில் நின்றது. குச்சியை எடுத்ததும் காற்று ஏன் அவ்வளவு ஆசையாக உள்ளே போக வேண்டும்? அதுவரை அதற்கு மூச்சு விட வழி இல்லையா? சீட்டுக்குப் பின்னால் காற்று போய்வர ஒரு சின்ன மூடி உண்டு. துடைத்துப் பார்த்தேன். அதன் ஓட்டை மேலே கல்லாகக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

நான் வைத்த பொட்டு. சொந்தமாக வாங்கிய முதல் வண்டி என்ற குஷியில் ஆயுத பூசைக்கு ஒரு போல்ட் விடாமல் பொட்டு வைத்திருந்தேன். ஓடிச் சூடான ஆயில் பெட்டி குளிர்ந்த சேற்றுத் தண்ணீரில் ஆறும்போது உள்ளே காற்றை இழுக்கும். மேலே வழி அடைத்திருந்ததால், சக்கரத்துப் பக்கத்து ரப்பர் சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை இழுத்திருக்கிறது. ஐந்து நாளாக இப்படித்தான் குடித்திருக்கிறது.

"அம்மா, ஒரு ஊக்கு இருக்கா?"

வளையலில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். குத்தி எடுத்துவிட்டு, "வண்டி மேல தப்பில்லம்மா. பொட்டு வச்ச என் மேலதான் தப்பு" என்றேன்.

அவர் அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார். "நல்லவேளை, மூக்குல வச்சதோட விட்டீங்க. வாய்க்கும் வச்சிருந்தா டீசலும் எறங்கியிருக்காது."

புது ஆயில் ஊற்றி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கைகளைப் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கினேன். முதலில் திக்கியது, பிறகு வழுக்கிக்கொண்டு ஏறியது. கலப்பையை மாட்டி லிவரை இழுத்தேன். ஒரு வண்டிச் சேற்றோடு சர்ரென்று மேலே வந்து நின்றது. இறங்கி அதைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். வேறு வேலை இல்லை, பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

சூரியன் சாய்வதற்குள் ஆறு மாவும் முடிந்து, பரம்பு அடித்து மண்ணைச் சமனும் செய்துவிட்டேன். மறுநாள் காலை போனபோது நடவுக்காரப் பெண்கள் பாதி வயலைத் தாண்டியிருந்தார்கள். அந்த அம்மா வரப்பிலிருந்து, "வர்ற குறுவைக்கும் நீங்கதாண்ணே, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

மாமா டீக்கடையில், "நாங்கதான் ரிப்பேர் பண்ணுனோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லட்டும், ஆயில் வாங்கி வந்தது அவர்தானே. துபாய்க்குக் கிளம்பிய அன்று பெட்டியைக் கட்டும்போது என் பாஸ்போர்ட்டை அவர் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.