தண்டவாளத்தில் பெண் பார்த்தார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது பார்க்குக்குப் போனேன். போகவே கூடாது என்றுதான் இருந்தேன். பார்க் என்றாலே எனக்கு எரிச்சல். சிமென்ட் டைனோசர், தண்ணீர் வராத ஃபவுன்டன், 'ஐ லவ்' என்று ஆளுயர எழுத்து... ஊரை லவ் பண்ணுகிறவன் முதலில் சாக்கடையைத் தூர்வாரட்டுமே!

ஆனால் இது வேறு மாதிரி என்றார்கள். கூட்ஸ் ரயில் வந்து நின்ற பழைய லைன் அது. பஞ்சு மூட்டைகள் அங்கேதான் இறங்கும். லாரிகள் பெருகின, ரயில் வருவது நின்றது. அப்புறம் முள் முளைத்தது, காலி பாட்டில் முளைத்தது. இப்போது முள்ளை வெட்டி, தண்டவாளத்தை அப்படியே விட்டு, நடுவில் கல் பாவி நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். ஓரமெல்லாம் வேப்பமரம். அந்தக் கோடியில் ஒரு பழைய கூட்ஸ் வேகன், சிவப்பு பெயின்ட் அடித்து நிற்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தேன். ஒரு போர்டுதான் கிடைத்தது. தின்பண்டம் சாப்பிடக் கூடாது, கூட்டமாக உட்காரக் கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது. சரி, இதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி இருந்துக்கிடுதீயளா?"

ஒரு அம்மா. கையில் டிபன் கேரியர், தோளில் பிளாஸ்க். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒரு பெண், தலை நிறைய மல்லிகை. பேச்சிலேயே தெரிந்தது, தெற்கத்திக்காரர்கள். அம்மா பெயர் இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மகள் செல்வி. இரண்டும் நான் வைத்த பெயர்கள். அம்மா பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறார். மகள் செக்கிங், தையலில் குறை பார்க்கிற வேலை.

"பொண்ணு பாக்க வாறாவக்கா" என்றார் இசக்கியம்மாள், குரலைத் தாழ்த்தி.

"இங்கயா? ஊட்டுல வெச்சுக்கறதுதானம்மா?"

"வீட்ல எங்க வைக்க? ஒத்த ரூமு. கட்டிலப் போட்டா கதவு தொறக்காது. விருந்தாளி வந்தா தண்ணி காலியாவுதுன்னு ஓனரு சத்தம் போடுவாரு. பாத்ரூமு எட்டு வீட்டுக்கு ஒண்ணு. போன தடவ வந்தவுக அது எங்க இருக்குன்னு கேட்டாவ. காமிச்சேன். காப்பியக்கூட குடிக்காம போயிட்டாவ."

"எம்மா, எல்லார்ட்டயும் சொல்லாத" என்றாள் செல்வி.

"எல்லாருமா? அக்கா ஒருத்தருதான இருக்காவ."

அந்த அக்கா பத்திரிகையில் எழுதுகிறவள் என்று அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? நாகரிகம் தெரிந்தவளாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். நான் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தார்கள். அவன் ஓவர்லாக் டெய்லர், பனியனுக்கு ஓரம் அடிக்கிறவன். மணி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை டீ-ஷர்ட், நெற்றியில் திருநீறு, முகமெல்லாம் வியர்வை. அவன் அம்மா வந்த வேகத்தில் ஆரம்பித்தார்.

"வீட்டுக்குக் கூப்புடுவியன்னு நெனச்சேன்."

"வீட்ல பெயின்ட் அடிக்கோம் மைனி. ஒரே வாடை."

"அதுஞ்சரிதான். எங்களது மாடி வீடு. காத்து பிச்சிக்கிட்டுப் போவும்."

மாடி வீடு என்றதும் இசக்கியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. கேரியரைத் திறந்தார். கேசரி. முதல் கிண்ணத்தை நீட்டக்கூட இல்லை — விசில்!

வாட்ச்மேன் வந்து நின்றார்.

"ஏனுங்க, போர்டப் பாக்கலீங்களா? உள்ள எதும் திங்கக் கூடாதுங்க. கூட்டமா உக்காரவும் கூடாதுங்க. எந்திரிங்க சாமி."

என்னால் சும்மா இருக்க முடியுமா?

"ஏனுங்க, பார்க்குல உக்காரக் கூடாதுன்னா பெஞ்சு எதுக்குப் போட்டீங்க? துணி காயப் போடறதுக்கா?"

"அதை எங்கிட்டக் கேட்டா எப்படீங்க? நாந்தான் போர்டு எழுதினனுங்களா?"

நான் எழுந்தேன். குரலும் எழுந்தது. நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா புடவையை இழுத்துச் செருகினார்.

"வா மணி. நல்ல காரியம் பேச வந்த எடத்துல சண்ட. எனக்குச் சரியாப் படல."

இசக்கியம்மாள் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். இவர்களுக்காகத்தான் சண்டை போட்டேன். இவர்கள் காரியத்தைத்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வாட்ச்மேனிடம் இறங்கிப் பேசினேன். "சரிங்க, உக்காரலை. நடக்கலாமுங்களா?"

"நடக்கறதுக்குத்தானுங்க பார்க்கே. தாராளமா நடங்க."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் அந்த வேகன் வரைக்கும் நடந்து, பேசிட்டு வாங்க கண்ணு" என்றேன், செல்வியையும் மணியையும் பார்த்து. அம்மாக்கள் வாயைத் திறப்பதற்குள் இரண்டும் கிளம்பிவிட்டன. எப்போது சொல்வார்கள் என்று காத்திருந்த மாதிரி!

ஒரு தண்டவாளத்தை ஒட்டி அவள், இன்னொன்றை ஒட்டி அவன். வீட்டில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தட்டைத் தூக்கிக்கொண்டு வா, கும்பிடு, உள்ளே போ. இங்கே ஒரு கூட்ஸ் ரயில் நீளத்துக்குப் பேச இடம் கிடைத்தது.

நாங்கள் மூன்று பேரும் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தோம். வேகனுக்குப் பக்கத்தில் செல்வி குனிந்து, அவன் டீ-ஷர்ட்டின் அடி மடிப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"எம்மா... இவ என்ன பண்ணுதா!" இசக்கியம்மாள் நெஞ்சில் கை வைத்தார்.

எங்கள் ஊர் வியாதி அது. புது பனியனோடு யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தையலைப் புரட்டிப் பார்ப்போம். அதிலும் செக்கிங் செக்‌ஷன் பெண்ணுக்குக் கை சும்மா இருக்குமா? பெண் பார்க்க வந்தவன், தானே கையைத் தூக்கி அக்குள் தையலையும் காட்டிக்கொண்டிருந்தான்.

இருட்டுகிற சமயத்தில் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொன்னார்.

"அடுத்த வாரம் பெயின்ட் காஞ்சிரும்லா? வீட்டப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்."

"வேண்டாம்மா" என்றான் மணி. "அவ சொல்லிட்டா. ஒத்த ரூமு. பெயின்ட்டெல்லாம் அடிக்கல."

இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். கேரியரைப் பூட்டப் போன கை அப்படியே நின்றது.

"நானும் சொல்லிட்டேம்மா" என்றான் அவன்.

"நீ என்னத்தல சொன்ன?"

"மாடி வீடுன்னா மொட்ட மாடியில ஷீட் போட்ட ரூமு, பாத்ரூமுக்குக் கீழ எறங்கி வரணும், அங்கயும் லைன்ல நிக்கணும்னு."

பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதையெல்லாம் மறந்து, அந்தம்மா பொத்தென்று உட்கார்ந்தார். வாட்ச்மேன் விசிலை வாய் வரைக்கும் கொண்டு போனார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். கீழே இறக்கிவிட்டார்.

"பார்க்குன்னு நான் சொன்னதும் மறுபேச்சு இல்லாம சரின்னீயளே மைனி..." என்றார் இசக்கியம்மாள். "அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். வீட்டைக் காட்டக் கூடாது என்று இவர்கள் இங்கே வந்தால், தங்கள் வீட்டைக் காட்டச் சொல்லிவிடக் கூடாதே என்று அவர்களும் இங்கேயே வந்திருக்கிறார்கள்! இதில் யாரை யார் ஏமாற்றினார்கள்?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் தைத்த பனியனுக்கு பாலிதீன் கவர் உண்டு, அட்டைப்பெட்டி உண்டு, ஈரம் தட்டாத குடோன் உண்டு. தைத்தவனுக்கும் செக் பண்ணினவளுக்கும் சொந்தக்காரர்களை உட்காரவைக்க ஒரு அறை கிடையாது. அவர்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர்கள் வாடகை வாங்குகிறவர்களும் சம்பளம் கொடுக்கிறவர்களும்தானே?

"அப்ப தேதி பாத்துருவமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

செல்வி முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "தேதி இருக்கட்டும் அத்தை. மொதல்ல தனி பாத்ரூமு உள்ள வீடு ஒண்ணு பாக்கணும். அது கெடைச்சப் பொறவு தேதி. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

மணி தலையாட்டினான். வேகன் பக்கத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம் போல.

கேட்டுக்கு வெளியே, ரோட்டோர பிளாட்பாரத்தில் நின்றபடி கேசரி சாப்பிட்டோம். வாட்ச்மேனும் வந்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். "வெளிய திங்கலாமுங்க" என்று என்னிடம் விளக்கம் வேறு!

இதை எழுதுகிற வரைக்கும் வீடு கிடைக்கவில்லை. அலைந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் காலியாக ஏதாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்குப் பையனைப் பிடித்துவிட்டது.

பாத்ரூம்தான் பாக்கி.